அடுத்தது எந்தக் காட்டுச் செம்மறி?

லடாக்கில் ஷாப்போவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே யோசனைதான். அடுத்து எந்தக் காட்டுச் செம்மறியைத் தேடிப் போவது? என்னிடம் இருப்பது கேமராவும் தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் ஸ்கோப்பும்தான். ஆனால் இந்த ஆடுகளுக்காக ஊர் ஊராக அலைபவர்களில் பெரும்பாலானோர் வேட்டைக்காரர்கள். வட அமெரிக்காவின் டால், ஸ்டோன், ராக்கி மலை பிக்ஹார்ன், பாலைவன பிக்ஹார்ன் நான்கையும் சுட்டுவிட்டால் அவர்களுக்கு அது 'கிராண்ட் ஸ்லாம்'.

ஷாப்போ என்பது யூரியல் எனும் காட்டுச் செம்மறியின் லடாக் வகை. சிந்து, ஷயோக் ஆறுகளை ஒட்டி, ஊர்களுக்குப் பக்கத்திலேயே மேயும். லே–கார்கில் சாலையில் உலே டோக்போ பக்கம், குளிர்காலத்தில், சாலையிலிருந்தே ஒரு கடாவை நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. தொண்டையிலிருந்து மார்பு வரை கருமுடி அடர்ந்து தொங்கியது. ஸ்கோப்பில் கொம்பின் வரிகள்கூடத் தெரிந்தன. குளிரில் கொம்பின் வளர்ச்சி தடைபடுவதால் ஆண்டுக்கு ஒரு ஆழமான கோடு விழும். அதை எண்ணித்தான் வயது சொல்கிறார்கள். நுனிப்பக்கம் கோடுகளுக்கிடையே நல்ல இடைவெளி, அடிப்பக்கம் போகப் போக நெருக்கம். இளமையில் வேகமாக வளர்ந்த கொம்பு அது. சாலைக்குப் பக்கத்தில் வாழ்வதுதான் இந்த ஆட்டுக்கு வினையாகவும் போனது. சாலை வந்தபின் துப்பாக்கிகளுக்கு முதலில் எட்டியது ஷாப்போதான்.

சரி, அடுத்தது? அலாஸ்காவின் டால் ஆடு வெள்ளைவெளேர் என்றிருக்கும். ஆங்கரேஜிலிருந்து தெற்கே போகும் சீவார்ட் நெடுஞ்சாலையில், கடலோரப் பாறைகளில் அது இறங்கி வந்து நிற்கும். காரை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அவ்வளவு தூரமும் செலவும் செய்து போய்க் காரில் இருந்தே பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ரொம்ப இழுத்தது மத்திய ஆசியாவின் பாமிர் மலைகள்தான். 13-ஆம் நூற்றாண்டில் அந்த வழியே போன மார்க்கோ போலோ, அங்குள்ள ஆட்டுக் கொம்பில் மேய்ப்பர்கள் கிண்ணம் செய்வதையும் பட்டி அடைப்பதையும் எழுதிவைத்தார். 1841-இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் அந்த ஆட்டுக்கு மார்க்கோ போலோவின் பெயரையே வைத்தார். வளைவோடு அளந்தால் 180 சென்டிமீட்டரைத் தாண்டிய கொம்புகள் உண்டு. தஜிகிஸ்தானின் முர்காப் பக்கம் ஒரு கடாவைச் சுட வெளிநாட்டினர் பல்லாயிரம் டாலர் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் காவல் நடக்கும் வேட்டைப் பகுதிகளில் ஆடுகள் கூடுதலாக இருப்பதும் உண்மை. சுடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் காவலே இல்லாமல் கறிக்காகக் கண்டபடி சுடப்படுவதைவிட அது மேல் என்றுதான் சொல்வேன்.

இருந்தும் நான் முடிவு செய்திருப்பது ந்யான், அதாவது திபெத்திய ஆர்கலி. மார்க்கோ போலோ ஆட்டின் இனமேதான், கிளை மட்டும் வேறு. லடாக்கில் எஞ்சியிருப்பவை சில நூறுதான். ஆபத்து என்றால் நீலச் செம்மறி எனப்படும் பரல் பாறைச் சரிவில் ஏறித் தப்பிக்கும். ந்யானுக்கு ஓட்டம்தான் பலம். நூறு கிலோவைத் தாண்டும் கடா, நீண்ட மெல்லிய கால்களில் திறந்த மேட்டு நிலத்தில் ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். கியா–மிரு சரணாலயத்தில் வளர்ப்பு மந்தைகள் வந்ததும் ந்யான் நல்ல மேய்ச்சலை விட்டுச் செங்குத்தான இடங்களுக்கு ஒதுங்கிப்போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஓடிப் பிழைக்கும் மிருகத்துக்குச் சமதளம் போய்விட்டால் என்ன மிஞ்சும்? சாங்பா மேய்ப்பர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்களுக்கும் அந்தப் புல்தான் வாழ்வு. மந்தைகள் நுழையாத மேய்ச்சல் கொஞ்சமாவது அந்த ஊர்களோடு பேசி ஒதுக்கப்பட வேண்டும்.

வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தகவல்: நம் வரையாடு மரபணுவில் இமயத்துத் தார் ஆட்டைவிடச் செம்மறிகளுக்கே நெருக்கம் என்று 2005-இல் தெரியவந்து, அதற்குத் தனிப் பேரினமே கொடுத்தார்கள். அந்த உறவும் என்னை இந்தப் பக்கம் தள்ளுகிறது.

செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறேன். லேயில் உடம்பு பழகும்வரை தங்கல், அப்புறம் உப்ஷி, கியா, தங்லங் லா கணவாய் தாண்டி த்சோ கார் ஏரி. ஏரி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காணாவிட்டால் ஹன்லே போவேன்.