அடங்கலில் ஏறாத பெயர்

06.10.2025
காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புழுதி விதைப்பு நடக்கிறது. விதைக்கிற பலருக்கு அந்த மண்ணில் ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை. வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு தருவது) குத்தகைக்கோ உழுகிறார்கள். உடையவர்கள் வெளியூரில் இருப்பார்கள், நில உடைமையைக் காட்டும் சிட்டாவில் இன்னும் தாத்தா பெயர் நிற்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒருவர் கையாளும் நிலத்தின் (கைப்பற்று) சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். அது சாகுபடிப் பரப்பின் கணக்கு. உடைமை யாருக்கு என்பதை அது சொல்லாது. கூலிக்கு நாற்று நடுகிறவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

09.10.2025
கண்மாய்ப் பாசனத்தில் ஏக்கரை மட்டும் எண்ணக் கூடாது. கண்மாய் பாதி பெருகும் ஆண்டில், கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் நெல் பதராகிவிடும். மடையை ஒட்டிய அரை ஏக்கர் அப்போது கடைமடை ஒன்றரை ஏக்கரைவிட மேல். எந்த மடை, மடையிலிருந்து எத்தனையாவது வயல் என்று பார்த்த பிறகே குத்தகை பேசுங்கள். இத்தனை மூட்டை என்று முன்பே பேசிய குத்தகையில் நட்டம் முழுக்க உழுகிறவர் தலையில். வாரத்தில் அதுவும் பங்காகப் பிரியும்.

14.10.2025
சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் வந்தது. அதன் பாதுகாப்பைப் பெற, குத்தகைதாரர் தானோ குடும்பத்தாரோ உடலுழைப்புத் தந்தால் போதும், வாய்ப்பேச்சுக் குத்தகையும் செல்லும். நியாய வாரச் சட்டம் 1956-இல் வந்தது. 1980 திருத்தத்துக்குப் பின் நிலத்துக்காரர் பங்கு விளைச்சலில் 25 விழுக்காடு. 20 மூட்டை கண்டால் 5 மூட்டை. பாதி வாரம் கொடுப்பவர் 10 மூட்டை அளக்கிறார். சட்டத்துக்கும் களத்துமேட்டுக்கும் இடையில் போகும் அந்த 5 மூட்டைதான் அடுத்த போகத்தின் விதையும் உரமும்.

20.10.2025
இத்தனை சட்டம் இருந்தும் இந்த உரிமைகள் ஏன் கிடைப்பதில்லை? தாளில் பெயர் இல்லை. பதிந்தால் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என்று நிலத்துக்காரர் அஞ்சுகிறார். ரசீது தருவதில்லை, சில இடங்களில் ஆளையே ஆண்டுதோறும் மாற்றிவிடுகிறார். பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) கேட்பார்கள். அது இல்லாவிட்டால் நெல் நிலத்துக்காரர் பெயரில் போகும், பணமும் அவர் கணக்கில் விழும். பிரதமரின் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயோ நிலம் உடைய குடும்பங்களுக்கு மட்டும்.

பயிர் வயலில் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு மூன்றையும் சிட்டாவோடு ஒப்பிட்டு, பசலி 1435 (2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான வருவாய் ஆண்டு) அடங்கலில் சாகுபடியாளர் பெயரைக் கேளுங்கள். சிட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏரில் இருக்கும். ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஒரு ஏர், சுமார் 40.5 ஏர் ஒரு ஏக்கர். சம்பா காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவில் கெடு முடியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். குத்தகை உரிமையைப் பதிய 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தனி மனு தேவை. அடங்கல் அதற்குச் சான்று மட்டுமே.

23.10.2025
நிலத்துக்காரர் வாரத்தை வாங்க மறுத்தால் நெல்லை வீட்டில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. பாக்கி என்று காட்டி வெளியேற்ற அதுவே வழியாகிவிடும். கெடு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்த வாரத்தின் சந்தை மதிப்பை வருவாய் நீதிமன்றத்தில் செலுத்தி ரசீது பெறுங்கள். அளக்கும்போது இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள்.