அந்தக் கோடு எங்கே போகிறது? தெருப் புகைப்படச் செய்முறைத் தேர்வுக்கு நான் தயாரான கதை

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரே ஒரு அரியர் விழுந்தது. அதுவும் எனக்கு மிகவும் பிடித்த புகைப்படச் செய்முறைத் தேர்வில். 20 படங்கள் கொண்ட ஆல்பம் கொடுக்க வேண்டும். தலைப்பு 'தெருவில் கோடு'. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் ஆல்பத்தைப் புரட்டினார். தண்டவாளம், நடைமேம்பாலம், பறக்கும் ரயில் நிலையத்தின் தூண் வரிசை, நேப்பியர் பாலம், எல்லாம் எங்கள் சென்னையில்தான். பத்தாவது படத்தில் நிறுத்தி, "இந்தக் கோடு எங்கம்மா போகுது?" என்று கேட்டார். "தூரமா போகுது சார்" என்றேன். "போயி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அது 2022 நவம்பர். அடுத்த ஏப்ரலில் அதே தேர்வை மறுபடி எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே தலைப்போ அதற்குப் பக்கத்துத் தலைப்போ உங்களுக்கு வந்தால் உதவும்.

முதலில், அந்த ஆல்பத்தில் என்ன தவறு என்று சொல்லிவிடுகிறேன். கோடு இருக்கும் இடத்தைத் தேடிப்போய்க் கோட்டையே எடுத்து வந்திருந்தேன். கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் ஒரு கோடு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போகும். கடைசியில் ஒரு முகமோ, கையோ, திறந்த கதவோ இருந்தால் அங்கே தங்கும். ஒன்றும் இல்லையென்றால் அப்படியே சட்டகத்தை விட்டு வெளியே போய்விடும். என் 20 படங்களில் பெரும்பாலானவை பார்ப்பவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வெறுந்தெருவில் விட்டவை.

நேப்பியர் பாலம் படம் இன்னொரு வகைத் தவறு. அந்த ஆண்டு செஸ் ஒலிம்பியாடுக்காகப் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் போனோம். கட்டங்களின் கோடு அவ்வளவு பலமாக இருந்ததால் நடந்து போகிற ஆள் அதில் கரைந்துபோனார். பின்னணிக் கோடு பலமாக இருந்தால் ஆள் அதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒற்றை நிறத்தில் சேலையோ சட்டையோ, வெளிச்சத்துக்கு எதிரில் முழு நிழலுருவமோ இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. மார்கழியில் மயிலாப்பூர் மாடவீதிக் கோலங்களை எடுக்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கோலத்தின் கோடு அதைப் போட்டவரின் கலை. அதை மேலே நின்று எடுத்து வைத்தால் உங்கள் வேலை என்று அதில் ஒன்றும் இருக்காது. போடுகிறவரின் விரல், குனிந்த முதுகு, மாவு விழும் கணம் என்று ஏதாவது வேண்டும்.

தண்டவாளப் படங்களை அறவே விட்டுவிடுங்கள். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. எக்ஸ்டர்னல்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் என்பதும் உண்மை.

அரியர் விழுந்த வாரத்தில் எங்கள் லேப் அண்ணா ஒரு வேலை கொடுத்தார். பழைய 20 படங்களையும் சின்னதாக பிரிண்ட் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் டிரேசிங் பேப்பர் வைத்து, தெரிகிற கோடுகளை மட்டும் பென்சிலால் வரையச் சொன்னார். பொருள் எதையும் வரையக் கூடாது, கோடு மட்டும். அப்புறம் படத்தை உருவிவிட்டு டிரேசிங்கை மட்டும் பார்க்கச் சொன்னார். ஒன்பது படங்களில் மின்கம்பியோ கேபிளோ யாரோ ஒருவரின் தலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நான்கில் கம்பம் ஒன்று தலையிலிருந்து முளைத்திருந்தது. எடுக்கும்போது அவை எதுவும் என் கண்ணில் படவே இல்லை. கோட்டைப் படிப்பது என்றால் பாதி வேலை வேண்டாத கோடுகளைக் கழிப்பதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பெரும்பாலும் அரை அடி இடது வலது நகர்ந்தாலோ முட்டியை மடக்கினாலோ போதும், கம்பியோ கம்பமோ தலையை விட்டு விலகிவிடும். இந்த டிரேசிங் பயிற்சியை வாரம் ஒருமுறை செய்யுங்கள். எனக்கு எல்லாவற்றையும் விட அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான்.

இடத்துக்கு வருகிறேன். ஊர் முழுக்க அலைவதை நிறுத்திவிட்டு ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாரிமுனையில் இறங்கினால் நடை தூரம். அந்தப் பகுதியில் நீளமான தெருக்கள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. கட்டடங்கள் நெருக்கமாக உயர்ந்து நிற்கின்றன. காலையில் கிழக்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் தெருவை மூடியிருக்கும், வெயில் மேற்குச் சுவரின் மேல்பகுதியில் மட்டும் விழும். வெயில் ஏற ஏற நிழலின் விளிம்பு சுவரில் இறங்கி, டிசம்பரில் பத்து மணி வாக்கில் தார்ச்சாலைக்கு வந்துவிடும். அதன்பின் மெதுவாகக் கிழக்கே நகரும். யாரும் வரையாத, ஒவ்வொரு பத்து நிமிடமும் இடம் மாறுகிற ஒரு கோடு! அதற்கு இந்தப் பக்கம் நடக்கிறவர் இருட்டில், அந்தப் பக்கம் நடக்கிறவர் வெளிச்சத்தில். யாராவது ஒருவர் அதைத் தாண்டும் கணத்தில் பாதி முகம் மட்டும் எரியும். இதை ஒருநாள் பார்த்த பிறகு எனக்குத் தூண் வரிசைமேல் இருந்த ஆசை போய்விட்டது.

கேமரா விஷயம் சுருக்கமாக. கல்லூரி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும்தான் என்னிடம் இருந்தன. லென்ஸை 23 மிமீ வாக்கில் வைத்து, மூன்று மீட்டர் தள்ளியுள்ள எதிலாவது ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். அப்பெர்ச்சரை (லென்ஸின் துவார அளவை) எஃப் 8 வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து பின்னால் தெருவின் பெரும்பகுதி வரை தெளிவாக வரும். ஷட்டர் வேகம் 1/500 நொடி, நடக்கிறவர்களை நிறுத்த அது போதும். பிறகு ஃபோகஸைப் பற்றிக் கவலையே வேண்டாம், கோட்டை மட்டும் பார்க்கலாம். போனில் எடுக்கிறவர்கள் கேமரா திரையில் கட்டக் கோடுகளை (கிரிட்) ஆன் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் நிற்பது முதல் சில நாட்கள் கஷ்டமாக இருந்தது. பெண் பிள்ளை கேமராவோடு முக்கால் மணி நேரம் ஒரே முனையில் நின்றால் எல்லாரும் பார்ப்பார்கள். நான் ஒரு டீக்கடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் நாள் கடை அக்கா கேட்டார்: "இன்னா பாப்பா, டெய்லி வந்து நிக்கிற, இன்னாத்த எடுக்குற?" டிஸ்ப்ளேயில் காட்டி, "இந்த வெயில் கோட்டைத் தாண்டுறவங்கள எடுக்குறேன்கா" என்றேன். அவருக்கு அது உடனே புரிந்தது. "அப்ப பத்தரைக்கு வா, கம்பி ஏத்திக்கினு மீன்பாடி வண்டி வரும், அது நல்லா இருக்கும்" என்றார். தெருவில் எது எப்போது நடக்கும் என்று அங்கே கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களிடம் பேசுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்று கையசைத்தவரின் படத்தை அவர் எதிரிலேயே அழியுங்கள்.

மீன்பாடி வண்டி என்றால் சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டி. அதற்காகப் பதினோரு நாள் நின்றேன். சில நாள் வரவில்லை, வந்த நாட்களில் லாரி மறைத்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருநாள் கிடைத்தது. வண்டிக்கார அண்ணன் பெடலில் எழுந்து நின்று உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து மிதிக்கிறார். அவர் முதுகுச் சாய்வும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளின் சாய்வும் ஒரே திசையில் இருக்கின்றன. கம்பிகளின் நுனியில் வழக்கம்போல ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. வண்டி திரும்பும்போது அந்த நுனி நடைபாதைப் பக்கம் வீசிப் போக, ஃபைல் கட்டோடு வந்த ஒரு பெரியவர் தலையைக் குனிகிறார். கண் வண்டிக்காரரின் காலில் தொடங்கி, முதுகு வழியாகக் கம்பியில் ஏறி, சிவப்புத் துணிக்கு வந்து, அங்கிருந்து குனிந்த கழுத்துக்கு இறங்குகிறது. நுனி மட்டும் நிழல் விளிம்பைத் தாண்டி வெயிலில் இருந்ததால் அந்தச் சிவப்பு எரிந்தது.

"போயி?" என்று சார் கேட்டதற்கு அந்தப் படம்தான் என் பதில். இன்னொன்றும் அதில் தெரிந்தது. பலமான கோடு கட்டடத்திலும் சாலையிலும் மட்டும் இல்லை. நீட்டிய கை, சாய்ந்த முதுகு, சுமையைப் பிடித்திருக்கும் தோள் எல்லாம் கோடுதான். ஒருவர் இன்னொருவரைப் பார்க்கும் பார்வைகூடக் கோடுதான். வரையப்படாவிட்டாலும் கண் அதன் வழியே போகும். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டைத் தலையில் ஏற்றிவிடும் இருவரை எடுத்துப் பாருங்கள், நாலு கையும் ஒரு முக்கோணம் போட்டுத் தரும்.

கோடு சாய்வது பற்றி ஒரு விஷயம். கட்டடத்தை எடுக்கக் கேமராவை மேலே தூக்கினால் செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாயும். வேண்டாமென்றால் கேமராவை நேராகப் பிடித்துப் பின்னால் நகருங்கள். கிடைக்கோடு லேசாகச் சாய்ந்திருந்தால் கவனக்குறைவு என்று மதிப்பெண் குறைப்பார்கள். சாய்க்க வேண்டும் என்று முடிவெடுத்தால் தாராளமாகச் சாயுங்கள். ரஷ்யப் புகைப்படக்காரர் ரோட்சென்கோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறும் படத்தில் படிக்கட்டு முழுவதையும் சாய்கோடுகளாக்கினார். அங்கே அது தவறு என்று யாருக்கும் தோன்றாது.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு வருவோம். என்னிடம் அதிகம் கேட்டது 'எங்கே நின்றாய்?', 'ஏன் அங்கே?', 'ஒரு அடி இடது பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?'. ஷட்டரும் அப்பெர்ச்சரும் ஒரே கேள்வியோடு முடிந்தன. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நின்ற இடத்தை ஒரு சின்ன வரைபடமாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்னோடிகளைப் பற்றியும் கேட்பார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் 1932இல் பிரான்சின் இயேர் ஊரில் எடுத்த படத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். மேலிருந்து பார்க்கும் வளைந்த படிக்கட்டு, கைப்பிடிக் கம்பிகள், மேலே இடது மூலையில் கலங்கிய உருவமாக ஒரு சைக்கிள்காரர். வளைவுகள் எல்லாம் அந்த சைக்கிள்காரரை நோக்கித்தான் சுழல்கின்றன. கார்த்தியே-பிரெசோன் கேமராவுக்கு வருவதற்கு முன் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தவர் என்பதையும் சொல்லுங்கள், படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அது பாதி விளக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. என் தோழி ஒருத்தி, காத்திருப்பதற்கு உதாரணமாக ஹாங்காங் புகைப்படக்காரர் ஃபேன் ஹோ 1954இல் எடுத்த 'நெருங்கும் நிழல்' படத்தைச் சொன்னாள். வெள்ளைச் சுவர், கீழே ஒரு பெண், சட்டகத்தை மூலைவிட்டமாக வெட்டும் நிழல். அழகான படம். ஆனால் அதில் நிற்பது அவருடைய உறவுப்பெண், அவர் நிற்கச் சொல்லி நின்றவள். நிழல் கோட்டை அவர் பிறகு பிரிண்ட் போடும் இருட்டறையில் சேர்த்தார். சார் அதைச் சொன்னதும் அவள் தடுமாறிவிட்டாள். அந்தப் படத்தைக் கோட்டின் பலத்துக்கு உதாரணமாகச் சொல்லலாம், தெருவில் காத்திருந்ததற்குச் சொல்லக் கூடாது. உங்கள் ஆல்பத்திலும் கோட்டைச் சேர்க்கவோ அழிக்கவோ வேண்டாம், படத்தின் ஓரங்களை வெட்டுவது மட்டும் போதும்.

கடைசியாக, மாதக் கணக்கு. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சி நேரத்திலும் வெயில் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறக்குறைய நான்கு அடி நிழல் வடக்கே விழும், நாள் முழுக்க நிழல் கோடுகளை வைத்து வேலை செய்யலாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேலே வந்துவிடும், நிழல் காலடியில் சுருங்கிவிடும். ஆகஸ்ட் நடுவிலும் அப்படித்தான். நான் மார்ச் கடைசியில் விட்டுப்போன நான்கு படங்களை எடுக்கப் போனபோது பதினொரு மணிக்குத் தெருவில் எனக்கு வேண்டிய நிழல் இல்லை. பின்பு காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்துக்கும் போய்ச் சமாளித்தேன். ஏப்ரல் தேர்வுக்காரர்கள் பிப்ரவரிக்குள் நிழல் படங்களை முடித்துவிடுங்கள். நவம்பர் தேர்வுக்காரர்களுக்கு மழை மேகம் நிழலைத் தராது. குடைக் கம்பி, ஈரத் தார்ச்சாலையில் நீளும் ஹெட்லைட் வெளிச்சம், தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்ட விரியும் கால்கள், இவற்றைப் பாருங்கள். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துக்கொள்ளுங்கள்.