உப்பு தின்பது ஒருவர்

"பையனைத் திட்டாதே, கெஞ்சாதே. செய்ததன் விளைவை அவனே அனுபவிக்கட்டும், தானாகத் திருந்துவான்." இந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்ட வேதம் இது. மூலவர் ஐரோப்பியத் தத்துவஞானி ரூசோ. பையன் தன் அறை ஜன்னலை உடைத்தால் மாற்றித் தராதே, ராப்பகலாகக் காற்று அடிக்கட்டும், சளி பிடித்தாலும் பரவாயில்லை என்று 1762-லேயே எழுதிவைத்துவிட்டார். தனக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் பாரிஸில் அனாதை இல்லத்துக்கு அனுப்பிய மனுஷர். கஷாயம் வைப்பது யார் என்ற கவலை அவருக்கு ஏன் வரப்போகிறது? 1861-ல் இதையே விரித்து எழுதிய ஆங்கிலேயத் தத்துவஞானி ஹெர்பர்ட் ஸ்பென்சரோ கடைசி வரை கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

"உங்க குருநாதர்கள் லட்சணத்தைப் பாருங்க" என்றேன்.

"ஆளைப் பார்க்காதே, கருத்தைப் பாரு" என்றார்.

சரி, பார்த்தேன். பையன் மூன்றாம் வகுப்பு. வானம் கறுத்துக் கிடந்த ஒரு காலையில் ரெயின்கோட் போட மாட்டேன் என்று அடம் பிடித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "விடு, நனையட்டும். நாளைக்கு அவனே கேட்டு வாங்கிப் போட்டுப்பான்."

நனைந்தான். தெருமுனையில் தேங்கிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் மிதித்துவிட்டு வந்திருக்கிறான் போல. வாசலில் நின்றவன் முகத்தில் வருத்தமாவது ஒன்றாவது, தீபாவளிதான். அத்தை ஓடி வந்து தலை துவட்டிவிட்டு, "நனைஞ்ச குழந்தைக்குச் சூடா ஏதாவது வேணாமா?" என்று வாழைக்காய் பஜ்ஜி போட்டார். இவரும் ஒரு தட்டோடு உட்கார்ந்துகொண்டார்.

நான் ஷூவுக்குள் பேப்பரைச் சுருட்டித் திணித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தேன். பேப்பர் ஊறியதும் எடுத்துவிட்டு வேறு திணித்தேன். கணக்கு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மேலே ஒரு துணி போட்டுத் தேய்த்தேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அவன் ஆசையாகக் கட்டியிருந்த ஸ்கெட்ச் பேனா கட்டம் கரைந்து, எட்டாம் வாய்ப்பாடு வரை நீலமாக ஓடியிருந்தது. உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எங்கள் வீட்டில் தின்பது ஒருவர், குடிப்பது நான்.

பையனும் பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. நனைந்தால் பஜ்ஜி. மறுநாள் ரெயின்கோட்டை அழகாக மடித்துப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

வேதம் சொன்னவர் கதை தனி. ராத்திரி ஒன்பதரைக்கு ஃபில்டர் காபி இல்லாமல் அவருக்கு ஆகாது. உள்ளே போன காஃபினில் பாதி கரையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும், எனக்குச் சொன்னதே அவர்தான். நள்ளிரவுக்கு மேல் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு என்ன செய்வார்? "தூங்கிட்டியா?" என்று கேட்பார். தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, தூங்கவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம் அவருடைய ஆபீஸ் மேனேஜர் கதையைக் கேட்க வேண்டும்.

ராத்திரிக் காபி இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். போட்டுக்கொண்டார், டபுள் ஸ்ட்ராங்காக. அடி டிகாக்‌ஷன் வரை வழித்து ஊற்றிக்கொண்டு, ஃபில்டரை அப்படியே மூடி வைத்துவிட்டார். காலை ஐந்தரைக்கு அத்தை கீழ்ப் பாத்திரத்தைக் கழற்றிப் பார்த்தால் காலி. மேலே காய்ந்து இறுகிய தூள்.

அத்தைக்கு ரூசோவும் தெரியாது, ஸ்பென்சரும் தெரியாது. மகனை எழுப்பினார். விடிய விடிய முழித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவரை ஸிங்க் முன்னால் நிறுத்தி ஃபில்டரைத் தேய்க்கவைத்து, புதுத் தூள் போட்டு வெந்நீர் ஊற்றவைத்து, முதல் டம்ளருக்கு டிகாக்‌ஷன் இறங்கும்வரை நகரவிடவில்லை. ஈரத்தூளில் சொட்டுச் சொட்டாக இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது காபி வீடுகளுக்குத் தெரியும். நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அன்றோடு ராத்திரிக் காபி நின்றது. இப்போது டீ. அதில் காஃபின் கம்மியாம்.