விடைத்தாள் கொடுக்கும் நாள்

விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் பல ஆண்டுகள் கடைப்பிடித்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் பெயர் வரும்வரை பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்து, தாளை வாங்கியதும் மதிப்பெண் இருந்த மூலையை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்த அன்றோடு அதை நிறுத்தினேன். இப்போது தாள்களை மடித்து, அவரவர் இடத்துக்கே சென்று கொடுக்கிறேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்ட நாம், "நீ எங்கே தேறப்போகிறாய்" என்ற சொல்லை இன்னும் கீழே வைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர் மனநல மருத்துவர் அல்லர். ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்குவதையும், மதிய உணவைத் தொடாமல் மூடி வைப்பதையும், கையெழுத்து குலைவதையும் பல நேரங்களில் பெற்றோருக்கு முன்பே காணக்கூடியவர் அவர்தான். அப்போது வகுப்பின் நடுவே விசாரிக்காமல், இடைவேளையில் "சாப்பிட்டாயா?" என்று தொடங்கி, பிள்ளை பேசினால் அறிவுரை கூறாமல் கேட்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் வந்தால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், பிள்ளையைத் தனியே விடாமல், பொறுப்பானவர்களிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. அதை எங்கள் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, யாரும் அழித்துவிடாதபடி கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.