குரி அணை நின்ற மாதம்: வெனிசுவேலா நாட்குறிப்பு, 2019

மார்ச் 8, வெள்ளி

நேற்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் வெனிசுவேலாவில் கரண்ட் போனது. ஏதோ ஒரு ஊரில் இல்லை, நாட்டின் பெரும்பகுதியில். கரகாஸில் மெட்ரோ நின்றுபோக, வேலை முடித்த கூட்டம் இருட்டில் மைல்கணக்கில் நடந்தே வீடு சேர்ந்தது. இன்று பள்ளிக்கும் அலுவலகங்களுக்கும் அரசே விடுமுறை விட்டுவிட்டது.

எண்ணெய் நாடு என்றதும் மின்சாரமும் எண்ணெயில்தான் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு தென்கிழக்கே கரோனி ஆற்றில் உள்ள குரி அணையிலிருந்து. அதன் நிறுவு திறன் 10,235 மெகாவாட். மக்கள் வாழ்வதோ வடக்கேயும் மேற்கேயும். இடைப்பட்ட தூரத்தைக் கடப்பவை மூன்று 765 கிலோவோல்ட் பாதைகள். குரியிலிருந்து மலேனா துணைமின் நிலையம் வழியாக சான் ஹெரோனிமோ வரை மூன்றும் ஒரே திசையில் போகின்றன.

மூன்றும் ஒருசேர ட்ரிப் ஆனால், அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டால், குரியின் இயந்திரங்களுக்குச் சுமை நொடியில் காணாமல் போகும். தண்ணீரின் விசை அப்படியே இருக்க, டர்பைன் வேகமெடுக்கும், பாதுகாப்பு ரிலே என்னும் தானியங்கிக் கருவி அதை நிறுத்திவிடும். மறுமுனையில் நேர் எதிர்: உற்பத்தி இல்லை, சுமை மட்டும் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய அதிர்வெண் சரிந்து, மீதமிருக்கும் சிறு நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும்.

குரியின் கட்டுப்பாட்டுக் கணினிகளை அமெரிக்கா தாக்கியது என்கிறது அரசு. ஆதாரம் எதையும் காட்டவில்லை.

மார்ச் 9, சனி

எழுபது விழுக்காடு மின்சாரம் திரும்பியிருந்தது, நண்பகலில் மீண்டும் எல்லாம் விழுந்தது என்று அதிபர் மதுரோ இன்று கூட்டத்தில் சொன்னார். தாக்குதல் என்றார். ஆனால் முழுதாக அணைந்த கிரிட்டை, அதாவது நாட்டின் மின்வலையை, எழுப்பும்போது இரண்டாம் முறை விழ யாரும் தாக்க வேண்டியதில்லை. அந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் விழ இடமிருக்கிறது.

பிளாக் ஸ்டார்ட் என்று பொறியாளர்கள் சொல்லும் வேலை இது. நிலையத்தின் சொந்த டீசல் ஜெனரேட்டரைக் கொண்டு ஒரு டர்பைனை ஓடவிடுவது முதல் படி. நீர்மின் நிலையத்தில் அது எளிது. அடுத்து அந்த மின்னழுத்தத்தை வெறுங்கம்பியில் ஏற்ற வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். சுமையே இல்லாத நீண்ட 765 கிலோவோல்ட் பாதையில், அனுப்பும் முனையைவிடப் பெறும் முனையில் மின்னழுத்தம் கூடிவிடும். அதை இழுத்துப் பிடிக்க ஷண்ட் ரியாக்டர்கள் என்னும் பெரிய கம்பிச்சுருள்கள் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் பாதை ட்ரிப் ஆகும், அல்லது ஏதாவது ஒரு கருவி வெடிக்கும்.

அதன்பின் சுமையைத் துண்டு துண்டாக இணைக்க வேண்டும். பல மணிநேரம் கரண்ட் இல்லாத ஒரு பேட்டைக்கு மின்சாரம் கொடுத்தால், அத்தனை பிரிட்ஜும் ஏசியும் ஒரே நேரத்தில் கிளம்பும். வழக்கமான சுமையைப் போலச் சில மடங்கு இழுக்கும். அவசரப்பட்டு இரண்டு பேட்டை கூடுதலாகச் சேர்த்தால் அதிர்வெண் சரியும், மறுபடி முதலிலிருந்து.

உதவ வேண்டியவை சுமைக்குப் பக்கத்தில் இருக்கும் அனல்மின் நிலையங்கள்: கரகாஸுக்கு அருகே தகோவா, புவெர்ட்டோ கபெல்லோ பக்கம் பிளாண்டா சென்ட்ரோ. 2010 வறட்சியில் மின் நெருக்கடிநிலை அறிவித்து, கோடிக்கணக்கான டாலரை அனல்மின் நிலையங்களில் கொட்டினார்கள். இன்று அவற்றில் பாதிக்கு எரிபொருள் இல்லை, மீதிக்கு உதிரிபாகம் இல்லை என்ற நிலை. பழுது பார்க்கத் தெரிந்தவர்களில் பலர் கொலம்பியாவிலும் சிலியிலும் இருக்கிறார்கள்.

மார்ச் 11, திங்கள்

அதிகாலையில் கரகாஸில் ஒரு துணைமின் நிலையம் வெடித்தது.

இன்றைய பெரிய துன்பம் தண்ணீர். கரகாஸ் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துப் பள்ளத்தாக்கு. குடிநீர் துய் குழாய்த் தொகுப்புகள் வழியாகக் கீழிருந்து மேலே ஏற்றப்படுகிறது. பம்பு நின்றால் குழாய் வறண்டுவிடும். சாக்கடை ஓடும் குவாயிரே ஆற்றின் சுவரில் ஒரு குழாயிலிருந்து ஒழுகும் நீரைப் பிடிக்க வரிசை நிற்கிறது. அவிலா மலையடிவாரத்து ஊற்றுகளிலும் அதே வரிசை.

டயாலிசிஸ் நோயாளிகளை நினைத்தால் மனம் பதறுகிறது. இயந்திரத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் திரவம் ஓடுகிறது. நான்கு மணிநேரச் சிகிச்சை ஒன்றுக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடினாலும் குழாயில் நீர் வராவிட்டால் இயந்திரம் சும்மாதான் நிற்கும். பலர் இறந்துவிட்டதாக நோயாளர் அமைப்புகள் சொல்ல, அரசு மறுக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

மரகைபோவில் கடைகள் சூறையாடப்படுகின்றன. நூற்றாண்டுக்கு முன் எண்ணெயால் பெருத்த ஊர், நாட்டிலேயே புழுக்கம் மிகுந்த நகரங்களில் ஒன்று. ஐஸ் கட்டிக்கு மக்கள் டாலர் கொடுக்கிறார்கள்.

டாலர் ஏன்? பொலிவார் நோட்டை எண்ணிக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. சென்ற ஆகஸ்டில் ஐந்து பூஜ்யங்களை வெட்டி விட்ட புதுப் பணத்தில் பெரிய நோட்டு 500. இன்றைய மாற்று விலையில் டாலருக்கு 3,300 பொலிவார் அளவில் இருக்கிறது, அப்படியானால் அந்த நோட்டு 15 சென்ட். மாதக் குறைந்தபட்ச ஊதியமே 18,000 பொலிவார், அதாவது அந்தப் பெரிய நோட்டில் 36 தாள். அதனால் வாழைப்பழம் வாங்குவதுகூடக் கார்டில்தான் நடந்துவந்தது. கரண்ட் போனதும் கார்டு இயந்திரமும் போயிற்று. கணக்கில் பணம் இருப்பவனுக்கும் கையில் ஒன்றுமில்லை.

பெட்ரோல் மட்டும் கிட்டத்தட்ட இலவசம். 2016இல் லிட்டருக்கு 6 பொலிவார் ஆக்கினார்கள். பூஜ்யங்களை வெட்டிய பிறகு அது 0.00006. நாற்பது லிட்டர் நிரப்பினாலும் அந்தத் தொகைக்குக் காசு கிடையாது, கையில் இருக்கும் ஏதோ ஒரு நோட்டை நீட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பெட்ரோல் பங்கின் பம்பு ஓட மின்சாரம் வேண்டுமே. ஜெனரேட்டர் உள்ள பங்குகளில் கார்கள் தெருமுனை தாண்டி நிற்கின்றன.

மார்ச் 14, வியாழன்

நேற்றிலிருந்து பெரும்பாலான இடங்களில் கரண்ட் வந்துவிட்டது. காரணம் பற்றி நம்பத்தக்க விளக்கம் தந்திருப்பவர்கள் வெனிசுவேலா மத்தியப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள்: மலேனாவுக்கு அப்பால் 765 கிலோவோல்ட் பாதையின் கீழ் புதர்த் தீ. இது கோடைக்காலம், புல்வெளி காய்ந்து கிடக்கிறது. கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள காற்றுதான் இன்சுலேஷன்; அது சூடேறிப் புகையும் கரியும் கலந்தால் மின்சாரம் பாய்ந்துவிடும். இதைத் தடுக்க உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். வழித்தடத்தில் ஆண்டுதோறும் புதர் வெட்ட ஆளும் டிராக்டரும் போதும். அதைச் செய்யாமல் விட்டதை மன்னிக்கவே முடியாது.

இனி எண்ணெய். ஒரினோக்கோ வட்டாரக் கச்சா எண்ணெய் 8 முதல் 10 ஏபிஐ (எண் குறையக் குறைய எண்ணெய் கனம் என்று காட்டும் அளவுகோல்). தண்ணீர் அளவுக்குக் கனம். நிலத்தடி வெப்பத்தில் ஓரளவு ஓடும், மேலே வந்து ஆறினால் தார். குழாயில் ஓட நாப்தா என்னும் இலகுவான எண்ணெயைக் கலக்க வேண்டும்: நான்கு பீப்பாய்க்கு ஒன்று, சில நேரம் அதற்கும் மேல். அந்த நாப்தா பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜனவரி 23இல் எதிர்க்கட்சித் தலைவர் குவைதோ தன்னை இடைக்கால அதிபராக அறிவித்தார்; 28ஆம் தேதி அரசு எண்ணெய் நிறுவனமான பெதெவெசா மீது அமெரிக்கா தடை போட்டது. அன்றே அந்தக் கப்பல்கள் நின்றன. ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலைக்காக வெனிசுவேலாவின் கனரகக் கச்சாவைப் பெருமளவில் வாங்கிவந்த ரிலையன்ஸும் நாப்தா விற்பதை நிறுத்திவிட்டது.

இந்த நிலையில்தான் மின்தடை. கிணற்றுப் பம்புகள் நின்றன, ஹோசே ஏற்றுமதி முனையம் நின்றது. நேற்று பெட்ரோ சான் ஃபெலிக்ஸ் என்னும் கனரக எண்ணெய் வளாகத்தில் நாப்தா வைத்திருந்த இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன.

எல்லாவற்றுக்கும் அமெரிக்காவின் தடையே காரணம் என்று சொல்வது சரியல்ல. 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஏறத்தாழ 18,000 பெதெவெசா ஊழியர்களை அன்றைய அதிபர் சாவேஸ் வெளியேற்றினார். 2017இலிருந்து நிறுவனத்தின் தலைவர் தேசியக் காவல்படையின் ஒரு ஜெனரல். அமெரிக்கா தடை போட்டபோதே உற்பத்தி பழைய அளவில் பாதிக்கும் கீழே போயிருந்தது. அதேபோல், இந்தத் தடை யாரைச் சுடுகிறது என்பதை மறைப்பவர்களும் நேர்மையானவர்கள் அல்லர்.

மார்ச் 26, செவ்வாய்

நேற்று மீண்டும். பிற்பகலில் ஒரு முறை போய் வந்து, இரவு திரும்பவும் போயிற்று. இம்முறை தீ குரியின் சுவிட்ச் யார்டுக்குள்ளேயே, அதாவது மின்சாரத்தைப் பாதைகளில் ஏற்றிவிடும் முற்றத்தில். பெரிய மின்மாற்றிகள் எரிந்துவிட்டன. இந்த அளவு மின்மாற்றி கடையில் கிடைக்காது. ஆர்டர் கொடுத்த பிறகுதான் செய்வார்கள், மாதக்கணக்கில் ஆகும், முன்பணமும் கேட்பார்கள்.

ஏப்ரல் 1, திங்கள்

முப்பது நாள் மின்பங்கீடு என்று மதுரோ நேற்று அறிவித்தார். பள்ளிகளை மூடி, அலுவலக நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணியோடு முடிக்கிறார்கள். மின்துறை அமைச்சர் மொத்தா தொமிங்கேஸ் போய், கவிதியா வந்திருக்கிறார்.

ஏப்ரல் 10, புதன்

எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் மாத அறிக்கை வந்துவிட்டது. மார்ச் உற்பத்திக்கு அதில் இரண்டு எண்கள். வெனிசுவேலா தானே கொடுத்தது நாளுக்கு 9,60,000 பீப்பாய். வெளி நிறுவனங்களின் மதிப்பீடு 7,32,000. பிப்ரவரியைவிட ஏறத்தாழ 2,89,000 குறைவு. கிணறுகளும் ஹோசேயும் நாள்கணக்கில் நின்ற மாதத்துக்கு இரண்டாவது எண்தான் பொருந்துகிறது. 1998இல் இதே நாடு நாளுக்கு முப்பது லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தது.

பங்கீட்டு அட்டவணையில் கரகாஸ் இல்லை. சுமை முழுவதும் வெளி மாநிலங்களின் தலையில், அதிலும் மரகைபோ இருக்கும் சூலியாவில் அரைநாளுக்கு மேல் கரண்ட் இல்லாத பேட்டைகள் உண்டு. அதே சூலியாவில்தான் ஏரிக்கரை எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அவற்றின் பம்புகளும் இதே கிரிட்டை நம்பித்தான் ஓடுகின்றன, ஏப்ரல் எண் இன்னும் கீழே போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.