கி.பி. 337ஐ ஒரு டிரேல அடுக்குறேன்: இதுவரைக்கும் வந்து சேர்ந்தது

ரோமன் காசு சேக்குறவங்க பெரும்பாலும் ராஜாவுக்கு ஒண்ணுன்னு வரிசையா சேப்பாங்க. எனக்கு அதுல மனசு ஒட்டல. ஒரு ராஜா போயி அடுத்தவன் வர்ற அந்த இடைவெளிதான் எனக்குப் பிடிச்சது, அதனால ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கிட்டேன், கி.பி. 337. அந்த வருஷம் மே 22ம் தேதி ரோமன் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் நிக்கோமீடியா பக்கத்துல இறந்துட்டார், செப்டம்பர் 9ம் தேதிதான் அவரோட மூணு பசங்களும் ஆகஸ்டஸ்னு, அதாவது முழுச் சக்கரவர்த்தின்னு, பட்டம் கட்டிக்கிட்டாங்க, நடுவுல மூணு மாசத்துக்கு மேல அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்துக்கு உயிரோட ஒரு ஆகஸ்டஸ் கிடையாது, செத்துப்போனவர் பேர்லயே ஆட்சி நடந்திருக்கு. அந்த மூணு மாசத்துல சொந்தக்காரங்களையே வெட்டிப் போட்டதும் நடந்துச்சு. இது எல்லாமே சின்னச் சின்ன செப்புக் காசுல பதிஞ்சிருக்கு.

வாரிசு விஷயத்தைக் காசுல அடிக்கிறது ரோம்ல முதல்ல இருந்தே இருந்த பழக்கம். ரோமோட முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் தன்னோட பேரன்ங்க கையஸ், லூசியஸ் ரெண்டு பேரையும் தத்தெடுத்து, கேடயம் ஈட்டியோட நிக்க வச்சு வெள்ளி டெனாரியஸ் அடிச்சார், பாவம் ரெண்டு பேருமே கி.பி. 2லயும் 4லயும் தாத்தாவுக்கு முன்னாடியே போய்ட்டாங்க. அந்தக் காசு நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் புதையல்கள்ல நிறைய கிடைச்சிருக்கு. ஹேட்ரியன் 117ல பட்டத்துக்கு வந்தப்ப முந்தின ராஜா ட்ராஜனும் அவரும் கை குடுக்குற மாதிரி அடிச்சு கீழ அடாப்டியோ, அதாவது தத்துன்னு போட்டுக்கிட்டார், ஏன்னா தத்தெடுத்தது நிஜமா இல்ல ட்ராஜனோட மனைவி ப்ளோட்டினா ராணி பண்ண ஏற்பாடான்னு அப்பவே பேச்சு இருந்துச்சு. இதெல்லாம் அழகான காசுங்க, ஆனா விலை நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்து வராது. 337 காசு அப்படி இல்ல, முக்கால்வாசி செம்பு, குறுக்களவு 15, 16 மில்லிமீட்டர்தான், எடை ஒன்றரை கிராம் சுமார், ஏகப்பட்டது அடிச்சிருக்காங்க, மாசா மாசம் கொஞ்சம் ஒதுக்கினா போதும்.

இங்க இங்கிலாந்துல ஒரு காயின் ஃபேர்ல பழைய கலெக்டர் ஒருத்தரோட பிரிக்காத பெட்டி ஒண்ணு வந்துச்சு, எங்க எப்ப வாங்கினதுன்னு அவரே எழுதி வச்ச சீட்டோட. சீட்டு இருந்ததாலதான் வாங்கினேன். திருட்டுத்தனமா தோண்டி எடுத்து வர்ற மண்ணு காசு வேண்டாம்ங்கிறதுல நான் உறுதியா இருக்கேன், தோண்டுன இடம் தெரியாமப் போனா பாதி வரலாறு அங்கயே போச்சு.

க்ளீன் பண்றது முழுக்க பொறுமை வேலை. டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வச்சு, தண்ணி மாத்தி மாத்தி, மண்ணு இளகினதும் மரப் பல்குச்சியால மெதுவா தள்ளணும், அதுக்கும் வராததை மைக்ராஸ்கோப்புக்கு அடியில ஊசி முனையால ஒரு எழுத்துக்கு ஒரு ராத்திரின்னு எடுக்கணும். பித்தளைக் குத்துவிளக்குக்கு புளி போட்டு தேய்க்கிற மாதிரி இதைப் பளபளன்னு ஆக்கணும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. மேல இருக்குற அந்தப் பச்சை, பழுப்பு படலத்துலதான் எழுத்தும் முகமும் இருக்கு, அமிலம் பட்டா அது கரைஞ்சு வெறும் செம்புதான் மிஞ்சும். வெளிர் பச்சையா பவுடர் மாதிரி உதிர்ந்தா மட்டும் உடனே அந்தக் காசைத் தனியா எடுத்துடணும், அது குளோரைடு வியாதி, ஈரம் பட்டா காசையே தின்னுடும். சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல்ல போட்டு, அப்புறம் நல்லா அலசி, காய வச்சு, மெழுகு பூசி வைக்கணும்.

இப்ப டிரேக்கு வர்றேன். முதல் வரிசை முழுக்க குளோரியா எக்ஸெர்சிடஸ், ராணுவத்தோட பெருமைன்னு அடிச்ச காசு, பின்னாடி ரெண்டு சிப்பாய் நிப்பாங்க. 330ல இது ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு நடுவுல ரெண்டு கொடிக்கம்பம், 335 சுமாருக்கு எடையைக் குறைச்சு காசைச் சின்னதாக்கினதும் ஒரே கொடிக்கம்பம் ஆயிடுச்சு. அதனால ஒத்தைக் கொடி இருந்தாலே நாம தேடுற காலத்துக்குப் பக்கத்துல வந்துட்டோம்னு அர்த்தம். முன்பக்கம் கான்ஸ்டன்டைன் மேக்ஸ் ஆக் (ஆக்னா ஆகஸ்டஸ்), அப்புறம் பசங்க ரெண்டாம் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டன்ஸ் மூணு பேரும் நோப் சி, அதாவது சீசர், ஆகஸ்டஸுக்கு அடுத்த படிப் பட்டம். இதே பசங்க 337 செப்டம்பருக்கு அப்புறம் அதே சிப்பாய், அதே கொடியோட ஆக்னு வர்றாங்க. படம் எதுவும் மாறல, பேருக்குப் பின்னாடி வர்ற பட்டம் மட்டும் மாறுது. கான்ஸ்டான்ஷியஸோட ரெண்டு காசையும், சீசரா ஒண்ணு ஆகஸ்டஸா ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல வச்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்ல.

அந்த வரிசையிலயே நாலாவது சீசர் ஒருத்தன் உண்டு, டெல்மேஷியஸ். கான்ஸ்டன்டைனோட தம்பி பையன். 335 செப்டம்பர் 18ல சீசர் ஆக்கி, திரேஸ், மாசிடோனியா பக்கத்தைக் குடுத்திருந்தாங்க. பெட்டியில ஒரு காசு ரொம்ப மொத்தமா மண்ணேறிப் போய் கிடந்துச்சு, முகம் இருக்குறதே தெரியல, தோளுக்குப் பக்கத்துல இருந்து ஊசியால எடுத்துக்கிட்டே வந்தேன், முதல்ல எஃப் எல், அது கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டன்ஸ் காசுலயும் வர்றதுதான், அடுத்த எழுத்து சி யா இருந்தா வழக்கமான ஆளு, ஆனா நேர்க்கோடும் பின்னாடி ஒரு வயிறும் தெரிஞ்சுச்சு, டி. அப்புறம் ஈ, எல். அதுக்கு மேல தேய்ஞ்சு போச்சு, ஆனா டி, ஈ, எல் போதும், அந்தக் குடும்பத்துல அப்படி ஆரம்பிக்கிற சீசர் வேற யாரும் கிடையாது. இந்தப் பையனுக்கு ஆக்னு போட்ட காசு வரவே இல்ல. 337 கோடையில கான்ஸ்டான்டிநோபிள்ல படைவீரர்கள் இவனையும், இவன் அப்பாவையும், சித்தப்பா ஜூலியஸ் கான்ஸ்டான்ஷியஸையும் இன்னும் பல பேரையும் கொன்னுட்டாங்க. இவனோட காசு எப்ப நின்னுச்சுங்கிறதை வச்சு, கொலை ஜூன் மாசத்துலயே நடந்திருக்கணும்னு கணக்குப் போட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு. தப்பிச்ச குழந்தைகள்ல ஒருத்தர்தான் பின்னாடி 361ல சக்கரவர்த்தி ஆன ஜூலியன், என் குடும்பத்தைக் கொன்னது கான்ஸ்டான்ஷியஸ்தான்னு அவரே ஏதென்ஸ்காரங்களுக்கு எழுதின கடிதத்துல குற்றம் சாட்டுறார்.

ரெண்டாவது வரிசைதான் எனக்கு உயிர். இறந்துபோன கான்ஸ்டன்டைனுக்கு பசங்க அடிச்ச காசு. முன்னாடி தலையில முக்காடு போட்ட கான்ஸ்டன்டைன், சுத்தி டிவி கான்ஸ்டன்டினஸ் பிடி ஆக்ஜி, தெய்வமான கான்ஸ்டன்டைன், ஆகஸ்டஸ்களோட அப்பான்னு. கடைசியில ஜி ரெட்டையா வர்றது பன்மைக்காக, பசங்க எல்லாரையும் சேத்து சொல்றது. பின்னாடி, கீழ இருக்குற நாணயச் சாலைக் குறியைத் தவிர எழுத்தே கிடையாது, நாலு குதிரை பூட்டின ரதத்துல அவர் மேல போறார், மேல இருந்து ஒரு கை கீழ நீளுது. அந்தக் காலத்து பிஷப் யூசிபியஸ் தன்னோட கான்ஸ்டன்டைன் வரலாறுல இந்தக் காசை அப்படியே வர்ணிச்சிருக்கார், அதைப் படிச்சுட்டு காசைப் பாத்தா உடம்பு சிலிர்க்குது. யோசிச்சுப் பாருங்க, சாகப்போற நேரத்துல ஞானஸ்நானம் வாங்கின மனுஷன், அவருக்கு பழைய ரோமன் வழக்கப்படி தெய்வம்ங்கிற பட்டம். ஆனா பழைய ராஜாக்கள் தெய்வமானப்ப அடிச்ச கழுகும் சிதையும் இதுல இல்ல. ரதத்தைப் பாத்து சூரியன்னு நினைக்கிறவனும் நினைச்சுக்கலாம், பைபிள்ல ரதத்தோட வானத்துக்குப் போன எலியா தீர்க்கதரிசின்னு நினைக்கிறவனும் நினைச்சுக்கலாம், ரெண்டு தரப்புக்கும் பொருந்துற மாதிரி யாரோ உக்காந்து யோசிச்சு வரைஞ்சிருக்காங்கன்னுதான் எனக்குப் படுது.

என்கிட்ட இது ரெண்டு இருக்கு. ஒண்ணு சிசிகஸ் நாணயச் சாலையில அடிச்சது, கீழ அதோட குறி எஸ்எம்கேன்னு தெளிவா தெரியுது. இன்னொண்ணு அலெக்சாண்டிரியா, எஸ்எம்ஏஎல், அதுல அந்தக் கை காசோட விளிம்புல பாதி வெட்டுப்பட்டு ரெண்டு விரல் மட்டும்தான் இருக்கு, இருந்தாலும் எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா குதிரைங்களோட கால் அதுலதான் ஒவ்வொண்ணா பிரிஞ்சு தெரியுது.

மூணாவது வரிசையில பாட்டிமாருங்க. 337க்கு அப்புறம் 340 வரைக்கும் ட்ரியர், ரோம், கான்ஸ்டான்டிநோபிள் நாணயச் சாலைகள்ல ஹெலினாவுக்கும் தியோடோராவுக்கும் காசு அடிச்சாங்க. ஹெலினா கான்ஸ்டன்டைனோட அம்மா. தியோடோரா அவரோட அப்பா அரசியலுக்காக ஹெலினாவை விலக்கிட்டு கட்டின மனைவி, கொல்லப்பட்ட டெல்மேஷியஸுக்கு அவங்கதான் பாட்டி. வம்சத்தையே வெட்டிட்டு அந்த வம்சத்துப் பாட்டிக்கு, குழந்தைக்குப் பால் குடுக்குற பியெட்டாஸ், அதாவது குடும்பக் கடமைங்கிற தேவதை, உருவத்தோட காசு! ட்ரியர்ல இருந்த மூத்தவன் ரெண்டாம் கான்ஸ்டன்டைன் தம்பி கான்ஸ்டான்ஷியஸைக் குத்திக்காட்டுறதுக்கு அடிச்சதுன்னு சிலர் சொல்றாங்க, குடும்பத்தை ஒட்ட வைக்கிற முயற்சின்னும் சிலர் சொல்றாங்க. எனக்கு முதல் விளக்கம்தான் சரின்னு தோணுது, ஏன்னா 340ல மூத்தவன் இன்னொரு தம்பி கான்ஸ்டன்ஸ் மேலயே படையெடுத்துப் போய் அக்விலேயா பக்கத்துல செத்தான், அண்ணன் தம்பி உறவு அந்த லட்சணத்துலதான் இருந்திருக்கு. என் தியோடோரா ட்ரியர் காசுதான், முகம் நல்லா வந்திருக்கு, பின்னாடி குழந்தை மட்டும் ஒரு புடைப்பாதான் தெரியுது.

இன்னும் காலியா இருக்குற குழி ரெண்டு. ஒண்ணு ஹன்னிபாலியானஸ், டெல்மேஷியஸோட தம்பி, பான்டஸ் பக்கத்துக்கு ராஜான்னு பட்டம் குடுத்தவன், அவனுக்கு கான்ஸ்டான்டிநோபிள்ல மட்டும்தான் காசு அடிச்சாங்க, பின்னாடி யூஃப்ரடீஸ் நதி தேவன் சாஞ்சு உக்காந்திருப்பான். அது கிடைக்கிறது அபூர்வம், விலையும் அதுக்கேத்த மாதிரி, அதனால ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்தாவது வைக்கலாமான்னு இருக்கேன். இன்னொண்ணு விஎன் எம்ஆர்னு எழுத்து இருக்குற காசு, கான்ஸ்டன்டைன் இறந்து பத்து வருஷம் கழிச்சு 347, 348ல அடிச்சது, அவர் முக்காடு போட்டு நிப்பார். அது கிழக்குப் பக்க நாணயச் சாலைகள்ல சாதாரணமா வர்ற காசுதான், பெட்டியில இன்னும் தொடாதது கொஞ்சம் இருக்கு, அதுல ஒண்ணுல முக்காடு மாதிரி ஒரு மடிப்பு தெரியுது, இந்த வாரம் அதைத்தான் தண்ணில போட்டிருக்கேன்.