கப்பல் கக்கூஸும் அப்பாவின் கிணத்து மோட்டாரும்

லீவில் ஊருக்கு, கோபிசெட்டிபாளையத்துக்கு, வந்து நாலு நாள் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் அடுத்த மாதம் முதல்முறையாக என்னை மாதிரியே ஒரு சப்ளை போட்டில், அதாவது கடலில் இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பலில், வேலைக்கு ஏறப்போகிறான். "வேக்குவம் டாய்லெட் பத்திக் கொஞ்சம் சொல்லிக் குடுங்ணா" என்று வந்து உட்கார்ந்தான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வீட்டு டாய்லெட்டில் தண்ணீர்தான் தள்ளுகிறது. போட்டில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. பைப்புக்குள் இருக்கிற காற்றைப் பம்ப் உறிஞ்சி, உள்ளே அழுத்தத்தை வெளிக்காற்றை விடச் சுமார் அரை பார் (வெளிக்காற்று அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி) குறைவாக வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் பேசினுக்கு அடியில் இருக்கும் வால்வு திறக்கும், வெளிக்காற்று எல்லாவற்றையும் பைப்புக்குள் தள்ளிவிடும். பேசினைக் கழுவ ஒரு லிட்டர் தண்ணீரே போதும். நன்னீரை அளந்து செலவழிக்கிற இடத்தில் அது பெரிய விஷயம்.

இதில் அடிக்கடி வரும் தொல்லை, பம்ப் நிற்காமல் ஓடுவது. போன தடவை எங்கள் போட்டில் யாருமே பாத்ரூம் போகாத நடுராத்திரியிலும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பம்ப் எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பம்ப் மேலேயே பழியைப் போட்டார்கள். ஒரு நாள் முழுக்க அதைக் கழற்றி, சீல் மாற்றிப் பூட்டினோம், ஒன்றும் மாறவில்லை.

அப்போதுதான் எங்கள் கிணறு ஞாபகம் வந்தது. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது, நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். "மோட்டாரத் தொடாத கண்ணு, ஏர் எங்க வாங்குதுன்னு மொதல்ல பாரு" என்பார் அப்பா. சக்‌ஷன் பைப்பின் ஜாயிண்டுகளில் ஈரக் களிமண்ணை அப்பிப் பார்ப்பார், பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கிற புட்வால்வு ஒழுகினால் சாணித் தண்ணியைக் கரைத்து ஊற்றுவார். வேக்குவம் டாய்லெட்டும் அதே கதைதான், உறிஞ்சுகிற பைப்பில் எங்கேயோ காற்று நுழைகிறது, அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கிற வால்வை ஒன்று ஒன்றாக மூடிக்கொண்டே, வேக்குவம் எவ்வளவு என்று காட்டுகிற கேஜைப் பார்த்தேன். மூன்றாவதை மூடியதும் முள் அசையாமல் நின்றது. அந்தப் பகுதியில் மூன்று டாய்லெட். மூன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன், பத்து நிமிஷத்தில் ஒரு பேசின் மட்டும் காய்ந்துவிட்டது. வால்வைக் கழற்றினால், ரப்பர் உதட்டின் மேல் வெள்ளையாகக் கல் மாதிரி ஒரு படிவு, அதில் சிக்கிக்கொண்டு ஒரு பல்குச்சி. அவிநாசிப் பக்கம் போர்த் தண்ணியைக் காய்ச்சுகிற குண்டாவில் பிடிக்குமே, அப்படியே அது. மூத்திரத்தில் இருக்கிற கால்சியம் படிந்து படிந்து இப்படி ஆகிறது, கடல் தண்ணீரில் ஃப்ளஷ் செய்கிற போட்டில் இன்னும் சீக்கிரமே பிடிக்கும். ரப்பரை மாற்றினேன், அன்று ராத்திரி பம்ப் சத்தம் அடங்கியது.

பேசின்களில் தண்ணீர் நின்றும் முள் இறங்கினால் பைப் ஜாயிண்டுகளில் ஷேவிங் நுரையைத் தடவு, ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை உள்ளே போகும். பம்ப் ஓடியும் முள் ஏறவே இல்லையென்றால் பம்ப் பக்கத்து ஒருவழி வால்வைப் பார். சின்ன போட்டுகளில் வாத்து மூக்கு மாதிரி ரப்பரில் இருக்கும், கிழிந்தால் புட்வால்வு ஒழுகின மாதிரிதான்.

பராமரிப்பு என்று பார்த்தால், படிவு கல்லாக இறுகும் முன்பே வாரம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைசல் ஊற்றி ஊறவிட வேண்டும். பிளீச்சிங், பினாயில் இரண்டையும் கிட்டவே விடாதே, ரப்பரும் கெடும், கழிவைத் தின்று சுத்தம் செய்கிற பாக்டீரியாவும் சாகும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஈரத் துடைப்புத்தாள் (வெட் வைப்ஸ்), நாப்கின் எதையும் உள்ளே போடக்கூடாது என்று ஆள் ஆளாகச் சொல்லிவிடு, கதவில் ஒட்டின காகிதத்தை யாரும் படிப்பதில்லை. சுத்திகரிக்காத கழிவை அப்படியே கடலில் விட, கப்பல்கள் கடலை அசுத்தமாக்காமல் தடுக்கிற சர்வதேச ஒப்பந்தமான மார்போல் விதிப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்ட வேண்டும், அதனால் போர்ட்டுக்குள் நுழையும் முன்பே டேங்க் அளவைப் பார்த்துக்கொள்.

அப்புறம், இது ரொம்ப முக்கியம். பைப்பையோ டேங்கையோ திறக்கும்போது அழுகின முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், ஆளையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக் குனியாதே தம்பி. பம்பை நிறுத்து, வால்வை மூடு, ஃபேனைப் போடு, கேஸ் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும், அதுவும் இன்னொரு ஆள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.